கலைஞர் கூற்று: உங்கள் வேலையை 120 சொல்லில் சொல்வது எப்படி

கலைஞர் கூற்று ஒன்றை இணைத்து அனுப்பவும் என்று கண்காட்சி விண்ணப்பப் படிவத்தில் கண்டதும் பலர் வாழ்க்கை வரலாறு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பிறந்த ஊர், படித்த பாடசாலை, சின்ன வயதில் சுவரில் கிறுக்கியது, தமிழ்த்தினப் போட்டியில் வென்றது, கற்பித்த ஆசிரியர். இவை தேவையான தகவல்கள்தான், ஆனால் போகவேண்டிய தாள் வேறு. ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மன்ட் என்று கேட்கப்படுகிற இந்தக் கூற்றில் பேசவேண்டியது உங்கள் வேலை. என்ன செய்கிறீர்கள், எதைக்கொண்டு எப்படிச் செய்கிறீர்கள், ஏன் அப்படியே செய்கிறீர்கள் என்ற மூன்றும் 150 சொல்லுக்குள், தன்மையில் ("நான்" என்று), நிகழ்காலத்தில் வந்தால் போதும்.

கொழும்பில் 1993 முதல் நடந்துவரும் கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தையில் ஓவியர்கள் தங்கள் படங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பார்கள். வருகிறவர் நின்று கேட்பார், ஓவியர் பதில் சொல்வார். அங்கே தாளுக்கு வேலை குறைவு. ஆனால் தெரிவுக்குழு உங்கள் படங்களைக் கணினித் திரையில் புரட்டும்போது நீங்கள் திருகோணமலையில் இருப்பீர்கள். கண்காட்சி மண்டபத்திலும் எல்லா நேரமும் நிற்க முடியாது. பக்கத்தில் நின்று நீங்கள் சொல்லியிருக்கக்கூடிய பதிலை இந்தத் தாள்தான் சொல்லவேண்டும். எனவே ஒரு கூற்று தேறியதா என்று பார்க்க நாங்கள் வைக்கிற சோதனை ஒன்றுதான்: வாசித்து முடித்தவர் திரும்பவும் படத்தைப் பார்க்கிறாரா, முதல் பார்வையில் கவனிக்காத ஒன்றை இப்போது காண்கிறாரா? பாராட்டத் தோன்றினால் நல்லது. ஆனால் திரும்பிப் பார்க்க வைக்காத கூற்று எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் வேலை செய்யவில்லை என்றே கொள்ளவேண்டும்.

முதலில், கலந்துபோகிற தாள்களைப் பிரித்து வையுங்கள். தன்குறிப்பு படர்க்கையில் எழுதப்படுவது, 80 முதல் 100 சொல். ஊர், கல்வி, முக்கியமான கண்காட்சிகள் அதில் வரும். மட்டக்களப்பு சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக்கலை படித்தவர் என்றால் அந்தச் செய்தி இங்கேதான் வரவேண்டும். கலை வாழ்க்கை விபரம் என்பது ஆண்டு வாரியான பட்டியல், வசனமே வேண்டாம். கண்காட்சிக் குறிப்பு ஒரு குறிப்பிட்ட கண்காட்சிக்கு மட்டும் உரியது, அது முடிந்ததும் அந்தக் குறிப்பும் முடிந்தது. படச்சீட்டில் தலைப்பு, ஆண்டு, பாவித்த பொருள், அளவு நான்கும் வரும். அளவில் உயரம் முன்னுக்கும் அகலம் பின்னுக்கும், சென்ரிமீற்றரில். கூற்று இவற்றில் எதிலும் சேராது. அது உங்கள் பல வேலைகளுக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லவேண்டும். ஓரிரு ஆண்டுக்காவது தாங்கவேண்டும்.

எழுத உட்காரும் முன்

வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தால் "கலை என்பது" என்றுதான் பேனா ஓடும். அதனால் தாளை எடுக்கவே வேண்டாம். அண்மையில் செய்த வேலைகளில் ஐந்தாறை நிலத்தில் பாய் போட்டுப் பரப்பிவைத்து, எழும்பி நின்று பாருங்கள். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது என்ன? அடிவானம் எப்போதும் தாளின் மேல் கால்பங்கில் நிற்கிறதா? மனிதர் வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறார்களா? ஒரு நிறம் எல்லாவற்றிலும் இருக்கிறதா, ஒரு நிறம் எதிலுமே இல்லையா? செய்கிறவருக்குத் தெரியாமலே பழக்கமாகிவிட்ட இவற்றில்தான் கூற்றுக்கான கரு இருக்கும். "நான் என்ன சொல்ல வருகிறேன்" என்ற கேள்வியைவிட "நான் விடாமல் என்ன செய்துகொண்டிருக்கிறேன்" என்ற கேள்வி உண்மையான பதிலைத் தரும்.

அடுத்து, கை செய்கிற வேலைகளை வினைச்சொற்களாக எழுதுங்கள். வெட்டுகிறேன், ஊறவைக்கிறேன், சுரண்டுகிறேன், தேய்க்கிறேன், கழுவுகிறேன், தைக்கிறேன், காத்திருக்கிறேன். "உருவாக்குகிறேன்", "வெளிப்படுத்துகிறேன்", "பதிவுசெய்கிறேன்" போன்றவை இந்தப் பட்டியலுக்குள் வரக்கூடாது; எந்தக் கலைஞரும் எந்த வேலைக்கும் போடக்கூடிய சொற்கள் அவை. பிறகு பொருட்களின் பெயர்கள். புழக்கத்தில் இருக்கும் பெயரையே போடுங்கள். "மீன்பிடி உபகரணங்கள்" என்று எழுதினால் எதுவும் கண்முன் வராது. கரைவலை (கரையில் நின்று இழுப்பது), தங்கூசி வலை (நைலோன் இழையில் பின்னியது), மடி (மீன் வந்து சேரும் பை), மிதவை என்றால் வரும். "இயற்கைப் பொருட்கள்" என்பதும் அப்படித்தான். பனங்குருத்தோலையா, முற்றிய ஓலையா என்பதே வேலையின் நிறத்தையும் மடிப்பையும் தீர்மானிக்கிறது.

அதோடு இன்னும் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, நீங்கள் செய்யாமல் விடுவது: முகம் வரைவதில்லை, கறுப்பு மை பாவிப்பதில்லை, படத்தை ஒருபோதும் சட்டத்துக்குள் போடுவதில்லை. மற்றது, பிழையாக வந்து நீங்கள் வைத்துக்கொண்டது. மாரி காலத்தில் தாள் காயாமல் நீர்வண்ணம் ஓரத்தில் ஓடித் திட்டாக நின்றிருக்கும். அதைப் பிழை என்று கிழிக்காமல் பிறகு வேண்டுமென்றே அப்படிச் செய்யத் தொடங்கியிருப்பீர்கள். வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அதே வண்ணம் தூரிகை எடுப்பதற்குள் காய்ந்து விளிம்பு கூராக நிற்கும். இந்த வேறுபாடு வேலையில் தெரிகிறதென்றால் கூற்றில் ஒரு வசனத்துக்கு அது முழுத் தகுதி உடையது.

கடைசியாக, கலைத்துறையில் இல்லாத ஒருவரைக் கூட்டிவந்து படத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். அவர் கேட்கிற கேள்விகளையும் உங்கள் பதில்களையும் கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். விளக்கம் கொடுக்க முந்தவேண்டாம், அவர் கேட்கட்டும். பழைய வலையில் மை பூசிப் பதிவெடுக்கும் ஒரு பெண், கரைவலைத் தொழிலில் இருந்த ஒருவருக்குத் தன் படத்தைக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"பிள்ளை, இது வலைய வெட்டி ஒட்டினதா?"

"இல்ல மாமா, வலையில மை பூசிப் பேப்பர்ல அழுத்தி எடுத்தது."

"அப்ப இந்தக் கறுப்புக் கட்டி கட்டியா இருக்கிறது?"

"அது கிழிஞ்சு பொத்தின இடம். முடிச்சு கிட்டக் கிட்ட இருக்கிறதால மை கூடப் பிடிக்குது."

"இத ஒராள் பொத்தேல்ல. இஞ்ச பாருங்க, இந்தப் பக்கத்து முடிச்சு வேற மாதிரிக் கிடக்கு."

அந்தக் கடைசி வரி கிடைத்ததும் கூற்று பாதி முடிந்துவிட்டது. கலை பற்றிப் படித்த நண்பர்களிடம் காட்டினால் இது கிடைக்காது. அவர்கள் "அமைப்பு நல்லா இருக்கு", "சமகாலத் தன்மை இருக்கு" என்று தங்களுக்குத் தெரிந்த சொற்களைத் தருவார்கள், நாம் அதைக் கூற்றில் போட்டுவிடுவோம்.

ஒரு கூற்றைப் பிரித்துப் பார்ப்போம்

இதே வலைப்பதிவு வேலைக்கு, மேலே சொன்ன தயாரிப்பு எதுவும் இல்லாமல் எழுதினால் பெரும்பாலும் வருவது இதுதான்:

"கலை என் உயிர்மூச்சு. இயற்கை எழில் கொஞ்சும் திருகோணமலை மண்ணில் பிறந்த நான், சிறுவயது முதலே ஓவியத்தில் தீராத ஆர்வம் கொண்டவள். என் படைப்புகள் மீனவ மக்களின் வாழ்வியலையும் வலிகளையும் பிரதிபலிக்கின்றன. மரபையும் நவீனத்தையும் இணைத்து ஒரு புதிய பரிமாணத்தைத் தேடும் பயணமே என் கலை. பார்ப்பவர் மனதில் ஒரு தாக்கத்தை ஏற்படுத்துவதே என் நோக்கம்."

எழுத்துப்பிழை இல்லை, வசனம் ஓடுகிறது. ஆனால் படங்களை எடுத்துவிட்டு இந்தத் தாளை மட்டும் ஒருவரிடம் கொடுத்தால், அவர் வலையையோ மையையோ தாளையோ ஊகிக்கவே முடியாது. முதல் வசனத்தை எந்தக் கலைஞரும் சொல்லலாம், ஆகவே அது யாரையும் பற்றியதில்லை. இரண்டாவது தன்குறிப்புக்கு உரியது. மூன்றாவதில் உண்மையான விசயம் ஒன்று ஒளிந்திருக்கிறது, ஆனால் "வாழ்வியல்", "வலிகள்" என்ற பொதுச்சொற்கள் அதை மூடிவிட்டன. யாருடைய எந்த வேலை, அது படத்தில் எங்கே தெரிகிறது என்று கேட்டுத் திறக்கவேண்டும். நான்காவதில் மரபு எது, நவீனம் எது என்று சொல்லாதவரை அங்கே எதுவும் இணையவில்லை. ஐந்தாவது வாசிப்பவர் என்ன உணரவேண்டும் என்று கட்டளையிடுகிறது. அது அவர் வேலை, அவரிடமே விட்டுவிடுங்கள்.

வினைச்சொற்களும் பொருட்பெயர்களும் அந்த ஒலிப்பதிவும் கையில் இருந்தால் அதே வேலையை இப்படிச் சொல்லலாம்:

"பழைய கரைவலைத் துண்டுகளில் மை பூசி, ஈரத்தாளில் அழுத்திப் பதிவெடுக்கிறேன். வலைகள் மனையாவெளிக் கரையில் கழித்துப் போடப்பட்டவை. அச்சு இயந்திரம் பயன்படுத்துவதில்லை. தாளின் முதுகைக் கரண்டியால் தேய்க்கிறேன். வலை கிழிந்து பொத்தப்பட்ட இடங்களில் முடிச்சுகள் நெருங்கியிருப்பதால் அங்கே மை தடித்துக் கறுப்பாக விழுகிறது. ஒவ்வொருவரும் முடிச்சுப் போடும் விதம் வேறு என்பதால், ஒரே வலையில் பலருடைய வேலை தாளில் பிரிந்து தெரிகிறது. மீனவரின் முகத்தை நான் வரைவதில்லை. அவர் முடிச்சில் விட்டுச்சென்ற கைப்பழக்கத்தையே அவருடைய உருவப்படமாக எடுத்துக்கொள்கிறேன். இப்போது ஒரு கரைவலையின் மடியை முழுவதுமாகத் துண்டு துண்டாகப் பதிவெடுத்து, தாள்களை அதே வரிசையில் தொங்கவிடும் வேலையில் இருக்கிறேன்."

எழுபது சொல்லுக்குள் முடிந்துவிட்டது. 120 சொல் இடம் இருக்கிறது என்பதற்காக மிச்சத்தை நிரப்பவேண்டியதில்லை.

இதில் வசனங்கள் நிற்கிற ஒழுங்கைக் கவனியுங்கள். முதல் வசனத்தில் கண்ணுக்குத் தெரிகிற பொருளும் செய்கையும் வந்துவிடுகின்றன. தெரிவுக்குழுவில் இருப்பவர் பல விண்ணப்பங்களை அடுத்தடுத்து வாசிக்கிறவர். முதல் வசனத்தில் பிடி கிடைக்காவிட்டால் மற்றதைக் கண் மேய்ந்துவிட்டுப் போகும். பிறகு பொருள் எங்கிருந்து வருகிறது, எப்படிச் செய்யப்படுகிறது. அதன்பிறகுதான் "ஏன்". காரணம் முன்னுக்கு வந்தால் அது வெறும் கொள்கையாகத் தோன்றும். செய்கைக்குப் பிறகு வந்தால் அந்தச் செய்கையிலிருந்து பிறந்த முடிவாகத் தோன்றும். "உருவப்படம்" என்ற சொல்லை அந்தக் கூற்றின் முதல் வரியில் வைத்துப் பாருங்கள், நம்பமுடியாமல் இருக்கும். முடிச்சுகளைப் பார்த்தபிறகு வருவதால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. கடைசி வசனம் இப்போது நடக்கிற வேலையைச் சொல்கிறது. நிதியுதவிக்கோ வதிவிடப் பயிற்சிக்கோ விண்ணப்பிக்கிறவர்களுக்கு அந்த வசனம் மிக முக்கியம், ஏனென்றால் நிதி தருகிறவர்கள் பணம் கொடுப்பது இனிச் செய்யப்போகிற வேலைக்கு.

தொழில்நுட்பத் தகவலில் எதைப் போடுவது, எதை விடுவது என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். வலையைப் பதிவுக்கு எடுக்கும் முன் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மை சரியாகக் காயாது, தாளில் பிறகு கறை ஏறும். செய்கிறவருக்கு இது பெரிய விசயம். ஆனால் கூற்றில் இதற்கு இடமில்லை, ஏனென்றால் படத்தில் இது தெரிவதில்லை. கரண்டியால் தேய்த்தது தெரியும். தேய்த்த தடம் மையில் வளையம் வளையமாக நிற்கும். அதனால்தான் கரண்டி உள்ளே வந்தது, அலசல் வெளியே நின்றது. தாளின் நிறை, மையின் வணிகப்பெயர், தூரிகை இலக்கம் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியால் அளந்து பார்க்கலாம்: இதைத் தெரிந்துகொண்டால் பார்ப்பவர் படத்தில் புதிதாக ஒன்றைக் காண்பாரா?

அதே அளவுகோலை வேறு வேலைகளுக்கும் வைக்கலாம். புல்மோட்டைக் கரையிலுள்ள கருமணலைப் பசையில் கலந்து பலகையில் பூசுகிறவர் படச்சீட்டில் "கலப்பு ஊடகம்" என்று போட்டுவிட்டு, கூற்றிலும் "பல்வேறு ஊடகங்களில் பரிசோதனை செய்கிறேன்" என்று எழுதினால் கையிலிருந்த மிகப் பெரிய விசயத்தைத் தானே மறைத்துவிடுகிறார். அந்த மணலில் இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது, அதற்காகவே அந்தக் கரை அகழப்படுகிறது. மணல் பாரமானது, தடிப்பாகப் பூசினால் பலகையைச் சாய்க்கும்போது வழுக்கி இறங்கும், ஓரத்தில் உதிரும். "மணல் இறங்கி நின்ற கோட்டை நான் திருத்துவதில்லை" என்ற ஒரு வசனம் போதும். அகழ்வு பற்றிய அவருடைய கருத்தை அதிலிருந்தே வாசகர் எடுத்துக்கொள்வார்.

புகைப்படக்காரர்களின் கூற்றுகளில் "தருணங்களை உறையவைக்கிறேன்" என்ற வசனம் தவறாமல் வருகிறது. எல்லாப் புகைப்படமும் அதைத்தான் செய்கிறது. எங்கே நின்று, எந்த நேரத்தில், எவ்வளவு கிட்டத்தில் எடுக்கிறீர்கள், எடுக்கப்படுகிறவருக்கு அது தெரியுமா, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறீர்களா என்று எழுதினால் வேலையின் தன்மை விளங்கிவிடும். உட்துறைமுகத்தை விடியற்காலையில் மட்டும், ஒரே இடத்திலிருந்து, ஆளில்லாமல் எடுக்கிறவரும், திருக்கடலூரில் வள்ளம் தள்ளுகிறவர்களோடு தண்ணீருக்குள் இறங்கி எடுக்கிறவரும் செய்வது ஒரே வேலையில்லை.

ஓலை பின்னுகிறவர்களும் மண்பாண்டம் செய்கிறவர்களும் தங்களுக்குக் கூற்று எதற்கு என்று ஒதுங்கிக்கொள்வதுண்டு. இது கட்டாயம் மாறவேண்டும். "பாரம்பரியக் கைவினை" என்ற இரண்டு சொல்லோடு அவர்களுடைய வேலையை மற்றவர்கள் எழுதிமுடித்துவிடுகிறார்கள். அம்மாவிடமிருந்து எந்தப் பின்னலைக் கற்றார், அதில் தான் எதை மாற்றினார், ஏன் சாயத்தைக் குறைத்தார் என்பதெல்லாம் ஒரு ஓவியரின் தெரிவைப் போலவே எடைகொண்ட தெரிவுகள். எழுதப் பழக்கமில்லாதவர் என்றால் சொல்லச் சொல்லி, பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும்; ஆனால் எழுதுகிறவர் தன் சொற்களை உள்ளே புகுத்தாமல், பின்னுகிறவர் பாவித்த பெயர்களையே வைக்கவேண்டும். முடிந்ததும் அவருக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குவதும் கட்டாயம்.

பல ஊடகங்களில் வேலை செய்கிறவர்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப் போனால் சொற்கள் போதாது. அவற்றுக்குப் பொதுவான செய்கையைப் பிடியுங்கள். நிழற்படமும் துணித்தையலும் செய்கிறவர் இரண்டிலும் ஓட்டை போட்டுத் தைக்கிறார் என்றால் அதுதான் முதல் வசனம். பொதுவாக ஒன்றுமே இல்லையென்றால் இரண்டு தனித்தனிக் கூற்றுகளாக எழுதி, விண்ணப்பத்துக்குப் பொருந்துவதை அனுப்பலாம்.

ஊரின் பெயர் உள்ளே வரும்போது

திருகோணமலைக்காரர் எழுதும் கூற்றில் ஊர் பெரும் பங்கைப் பிடித்துக்கொள்கிறது. கோணேசர் கோயில், சுவாமிமலை, இராவணன் வெட்டு, போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தியது, 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் கடலடியில் இடிபாடுகளைக் கண்டது. எல்லாம் சொல்லத் தகுந்த வரலாறு. ஆனால் இவ்வளவும் உள்ளே வந்தால் 120 சொல்லில் 80 போய்விடும், உங்கள் படத்துக்கு 40தான் மிஞ்சும். மலையடிவாரக் கற்களின் மேல் தாளை வைத்துக் கரியால் தேய்த்துப் பிரதி எடுக்கிறீர்கள் என்றால் அந்த வரலாற்றில் ஒரு வசனம் தேவை, கல்லே அதன் சாட்சி. மாலை வெளிச்சத்தில் கடலை வரைகிறவருக்கு அது தேவையில்லை. ஊர்ப்பெயரைப் போடுவதை விட இடப்பெயரைப் போடுவது நல்லது: டச்சு விரிகுடா, கொட்டியாரக்குடா, சல்லி, சேனையூர். வெளியூர் வாசகருக்குத் தெரியாத பெயர் என்றால் "மகாவலி கடலில் சேருகிற கொட்டியாரக்குடா" என்று மூன்று சொல் கூட்டினால் இடமும் தெரியும், அங்கே தண்ணீர் கலங்கிய நிறம் ஏன் என்பதும் தெரியும்.

போரையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் பற்றி ஒரு வார்த்தை. கிழக்கிலிருந்து வருகிற கலைஞர் என்றாலே இவற்றைப் பற்றித்தான் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எதிர்பார்ப்புக்காக, வேலையில் இல்லாத துயரத்தைக் கூற்றில் ஏற்றவேண்டாம். படம் ஒன்று சொல்ல, தாள் வேறொன்று சொல்லும். வேலையில் அது உண்மையாகவே இருக்கிறதென்றால் ஒதுங்கவும் வேண்டாம், ஆனால் "இழப்பு", "வடு", "நினைவு" என்ற மூன்று சொற்களோடு நின்றுவிடாமல் கையிலிருக்கிற பொருளைச் சொல்லுங்கள்: தண்ணீரில் நனைந்து ஒட்டிப்போன குடும்பப் புகைப்படத் தொகுப்பு, இடம்பெயரும்போது கொண்டுபோன காணி உறுதிப்பத்திரம், கதவில்லாத வாசல் நிலை. அது இன்னொரு குடும்பத்தின் பொருளானால் அவர்களிடம் கேட்டு, எந்தளவு சொல்லலாம் என்று அவர்கள் சொன்னபிறகே எழுதுங்கள். பெயரும் கிராமமும் சேர்ந்து வந்தால் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீளமும் மொழியும்

மூன்று நீளங்களில் தயாராக வைத்திருப்பது நல்லது: 25 சொல், 120 சொல், 250 சொல். சுருக்கும்போது நீண்டதை வெட்டிக் குறைக்கப் பார்த்தால் கால் இழந்த வசனங்கள்தான் மிஞ்சும். முதல் வசனத்தையும் படத்தைத் திரும்பிப் பார்க்கவைக்கிற ஒரு வசனத்தையும் மட்டும் வைத்துப் புதிதாக எழுதுங்கள்: "மனையாவெளிக் கரையில் கழித்துப் போடப்பட்ட கரைவலைகளில் மை பூசிக் கையால் தேய்த்துப் பதிவெடுக்கிறேன். பொத்திய இடங்கள் தாளில் கறுத்து விழும். ஒரே வலையில் பலருடைய கைப்பழக்கம் பிரிந்து தெரியும்." 250 சொல் தேவைப்படும் இடத்தில் பெயரடைகளைக் கூட்டாமல், இன்னொரு படத்தொடரைச் சேருங்கள்.

சொல் எண்ணிக்கையில் தமிழருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. "பதிவெடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்பது தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் நாலைந்து. 120 தமிழ்ச்சொல் ஆங்கிலத்துக்குப் போகும்போது பெரும்பாலும் 160, 170 என்று பெருகிவிடும். படிவம் ஆங்கிலத்தில் 150 சொல் என்று கட்டுப்படுத்தினால் தமிழ் மூலத்தை 100 அளவில் நிறுத்துங்கள். இணையப் படிவங்கள் சில சொல்லை எண்ணாமல் குறியீடுகளை எண்ணும். அங்கே நிலைமை தலைகீழ்: "திருகோணமலை" என்பதில் எழுத்து ஆறுதான், ஆனால் கொம்பும் விசிறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு அது 10. தமிழில் நேரடியாக நிரப்பும்போது 1000 குறியீட்டுப் பெட்டி நினைத்ததை விட விரைவில் நிறைந்து, கடைசி வசனம் பாதியில் வெட்டுப்படும். அனுப்பும் முன் முன்தோற்றத்தைப் பாருங்கள்.

யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்கள் இன்னும் நிறையப் பேர். அச்சகத்துக்கு அது சரி. இணையப் படிவத்தில் ஒட்டினால் மறுபக்கத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும், அனுப்பியவருக்கு அது தெரியவே வராது. எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றியபிறகு ஒருமுறை முழுதாக வாசியுங்கள். மாற்றும்போது சில எழுத்துகள் தப்பிப்போகும். பீடிஎப்பாக அனுப்புவதென்றால் எழுத்துருவை உள்ளடக்கிச் சேமியுங்கள்.

இலங்கையில் கூற்று பெரும்பாலும் மூன்று மொழியிலும் தேவைப்படும். 2019இல் தொடங்கிய நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம் தன் கண்காட்சி எழுத்துகளைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வைக்கிறது. நீங்கள் சிந்திக்கிற மொழியில் முதலில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் முதலில் எழுதிப் பிறகு தமிழாக்கினால் நமது மொழியில் வெளிநாட்டார் போலப் பேசவேண்டி வரும். மொழிபெயர்ப்பாளரிடம் கூற்றோடு ஒரு சிறு பட்டியலும் கொடுங்கள்: கரைவலை என்றால் என்ன, மடி எந்தப் பகுதி, பொத்துதல் என்பது ஊசியும் நூலும் கொண்டு வலைக்கண்ணைத் திரும்பக் கட்டுவது. இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் மடி, ஆள் மடியில் வைத்திருக்கிற மடியாகிவிடும். படங்களையும் அனுப்புங்கள், படம் பார்க்காமல் செய்த மொழிபெயர்ப்பில் "பதிவு" என்பது ஆவணமாகவும் ஒலிப்பதிவாகவும் மாறியதுண்டு. திரும்பி வந்த சிங்களப் பிரதியை அந்த மொழி பேசும் மீனவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தால் தொழிற்சொற்களைச் சரிபார்த்துத் தருவார்.

வருடத்துக்கு ஒருதரமாவது கூற்றைப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். வேலை நகர்ந்திருக்கும், தாள் நின்ற இடத்திலேயே நிற்கும். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் மொழியும் ஆண்டும் மாதமும் இருக்கட்டும். "கூற்று கடைசி", "கூற்று கடைசி புதியது" என்று வைத்தால் ஒருநாள் பழையதே போய்ச்சேரும்.

சுவரில் ஒட்டும்போது தமிழ் எழுத்து 18 புள்ளிக்குக் குறையக்கூடாது, 22 அளவு வசதி. சுழிகளும் புள்ளிகளும் நெருங்கினால் வயதானவர்களுக்கு வாசிக்க முடியாது. வரிகளுக்கு இடையில் ஒன்றரை மடங்கு இடம் விடுங்கள். தாளின் நடுப்பகுதி நிலத்திலிருந்து 145 சென்ரிமீற்றர் அளவில் வரட்டும், முதல் படத்துக்கு இடப்பக்கத்தில், வாசித்துக்கொண்டே தலையைத் திருப்பினால் படம் தெரியும் தூரத்தில். வாசலில் தனியாக ஒட்டினால் வாசித்துவிட்டு உள்ளே வருவதற்குள் மறந்துபோகும். கடற்கரைப் பக்கத்து மண்டபங்களில் இருபக்க ஒட்டுநாடா உப்புக்காற்றில் அடுத்த நாளே விட்டுவிடும். தாளை நுரை அட்டையில் ஒட்டி, அட்டையை மெல்லிய ஆணியால் அடித்து நிறுத்துங்கள், கைவசம் இன்னும் இரண்டு பிரதி இருக்கட்டும்.